பழைய விண்டோஸ், பழைய புரோகிராம்: மலையில் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு கட்டபெட்டு, கோத்தகிரி, மஞ்சூர், சில சமயம் கூடலூர் வரைக்கும் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். தேயிலை ஃபேக்டரி, எஸ்டேட் ஆபீஸ், லாட்ஜ், ரெண்டு மூணு பள்ளிக்கூடம். என் கைக்கு வருவதில் முக்கால்வாசி எக்ஸ்பி, விண்டோஸ் 7, ஓரிரு இடத்தில் 98 கூட உண்டு. ஒரே சந்தேகத்தை ஒரே வாரத்தில் நாலு பேர் போனில் கேட்ட பிறகு, எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஃபைல் பெயர், கட்டளை, எரர் வாசகம் எல்லாவற்றையும் வாயில் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. அண்ணா, இன்னும் எக்ஸ்பி வச்சிருக்கோம்னு சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. தப்பா அது?

சிரிக்கட்டும். யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த இலைக் கணக்குப் புரோகிராம், விவசாயி பெயர், அன்றாட எடை, முன்பணம், உரப் பிடித்தம் எல்லாம் கழித்து மாசம் பிறந்தால் சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்கிற ஒன்றை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

ஆனால் ஒன்று. எக்ஸ்பி 2001-ல் வந்தது, 2014 ஏப்ரல் 8-ஓடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கைகழுவியது என்றால் மெஷின் நின்றுபோகும் என்று அர்த்தமில்லை, புதுசாக ஓட்டை தெரிய வந்தால் அடைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அதனால் எக்ஸ்பி மெஷினில் இருந்து இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். கணக்கு எழுத நெட் தேவையில்லை.

2. எரர் வந்துருச்சு. ஃபார்மேட் போட்டுரட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் கம்ப்யூட்டர் தும்மினாலே ஃபார்மேட் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை டேட்டாவை மை டாக்குமென்ட்ஸில் வைக்காது, புரோகிராம் இருக்கிற அதே ஃபோல்டரில், சி டிரைவின் தலையிலேயே வைத்திருக்கும். ஒரு ஃபேக்டரியில் நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே ஒரு தம்பி நல்ல மனசோடு ஃபார்மேட் போட்டு, எக்ஸ்பியைப் புதுசாக ஏற்றி, டெஸ்க்டாப்பில் தேயிலைத் தோட்டப் படம்கூட வைத்திருந்தார். பதினோரு வருஷ இலைக் கணக்கு போய்விட்டது. பிறகு நோட்டுப் புத்தகத்தில் இருந்து ஆறு மாசக் கணக்கை மட்டும் ரெண்டு பேர் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எரரை அப்படியே போனில் படம் எடுங்கள், 'ஏதோ மெமரின்னு வந்துச்சு' என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. புரோகிராமை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். அப்புறம் ஆபீஸில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: நேற்று ஓடியதற்கும் இன்று ஓடாததற்கும் நடுவில் என்ன நடந்தது? பிரிண்டர் மாற்றினோம், கரண்ட் போச்சு, வைரஸ் கிளீன் பண்ணினோம், இப்படி ஏதாவது ஒன்று வரும். பாதி விடை அதிலேயே இருக்கும்.

3. டாஸ் புரோகிராமைப் புது கம்ப்யூட்டர்ல போட்டா 'இந்த ஆப் உங்க பிசியில ஓடாது'ன்னு சொல்லுது. ஏன் சார்?

டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற காலத்து சிஸ்டம். டாஸ் புரோகிராம்களும் விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம்களும் 16 பிட். அவற்றைத் தாங்கிப் பிடிக்க விண்டோஸுக்குள் என்டிவிடிஎம் என்று ஒரு அடுக்கு இருந்தது. 32 பிட் விண்டோஸில் அது உண்டு, 64 பிட் விண்டோஸில் கிடையவே கிடையாது. நம் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறில் இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த கம்பி போகிறது, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. அந்தக் கம்பியைப் பெயர்த்து எடுத்துவிட்டு எஞ்சின் பழுது, எஞ்சின் பழுது என்று சொன்னால் எப்படி? உங்கள் புரோகிராமில் கோளாறு இல்லை, கீழே கம்பி இல்லை.

மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ் போனால் 32-ஆ 64-ஆ என்று தெரியும். எக்ஸ்பியில் 64 என்று ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அது 32. 32 பிட்டில் வந்த கடைசி விண்டோஸ் 10 தான், அதிலும் என்டிவிடிஎம்மைக் கண்ட்ரோல் பேனலில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-ல் 32 பிட்டே இல்லை. 64 பிட் மெஷின்தான் இருக்கிறது என்றால் 17-ஆம் கேள்விக்குப் போங்கள்.

4. ரைட் கிளிக் பண்ணா கம்பாட்டிபிலிட்டின்னு இருக்கே, அதுல எக்ஸ்பி செலக்ட் பண்ணா சரியாகாதா?

சில சமயம் ஆகும். அது என்ன செய்கிறது என்றால், புரோகிராம் 'நீ எந்த விண்டோஸ்?' என்று கேட்கும்போது பொய் சொல்கிறது, பழைய விண்டோஸ் நடந்துகொண்ட விதத்தில் கொஞ்சத்தை நடித்துக் காட்டுகிறது. புது வெர்ஷன் நம்பரைப் பார்த்து மிரண்டு நிற்கிற புரோகிராமுக்கு அது போதும். திரை அளவு, 256 கலர் பிரச்சினைக்கும் போதும். 16 பிட் புரோகிராமுக்கு உதவாது, நடிப்பால் பல் கம்பி முளைக்காது.

5. 'ஆட்டோஎக்ஸெக் டாட் என்டி, சிஸ்டம் ஃபைல் இஸ் நாட் சூட்டபிள்'னு வருது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.

எக்ஸ்பியில் எனக்கு மிக அதிகமாக வருகிற போன் இதுதான், சரிசெய்வதும் மிகச் சுலபம். டாஸ் புரோகிராம் திறக்கும்போதெல்லாம் என்டிவிடிஎம், சிஸ்டம்32 ஃபோல்டரில் ஆட்டோஎக்ஸெக்.என்டி, கான்ஃபிக்.என்டி என்று ரெண்டு சின்ன ஃபைலைப் படிக்கும். ஒன்று காணாமல் போனாலும் இந்த எரர். வைரஸ் வந்தோ, வைரஸ் கிளீனர் வந்தோ, ஏதாவது இன்ஸ்டாலர் வந்தோ தூக்கிவிடும்.

சி:\விண்டோஸ்\ரிப்பேர் என்ற ஃபோல்டரில் அதே ஃபைலின் காப்பி ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். எடுத்து சிஸ்டம்32-ல் போடுங்கள், முடிந்தது. அடுத்த வாரம் மறுபடி காணாமல் போனால், ஃபைலில் ரைட் கிளிக் செய்து ரீட் ஒன்லி ஆக்கி வையுங்கள், கையோடு பென்டிரைவ்களில் வைரஸ் இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

6. 'டூ மெனி ஃபைல்ஸ் ஓப்பன்'ங்குது. நான் ஒரே ஒரு புரோகிராம்தான் திறந்திருக்கேன்?

நீங்கள் ஒன்றுதான் திறந்தீர்கள், புரோகிராம் உள்ளே விவசாயி ஃபைல், எடை ஃபைல், பிடித்தம் ஃபைல், ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸ் (அட்டவணை) என்று வரிசையாகத் திறக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன கான்ஃபிக்.என்டியை நோட்பேடில் திறந்தால் கடைசியில் ஃபைல்ஸ்=40 என்று இருக்கும். அதை 120 ஆக்கிச் சேவ் செய்யுங்கள்.

7. பழைய மெஷின் செத்துப்போச்சுன்னு வேகமான மெஷினா மாத்தினோம். இப்ப 'டிவைட் பை ஜீரோ', இன்னொண்ணுல 'ரன்டைம் எரர் 200'. வேகமா இருந்தா நல்லதுதானே?

எனக்குப் பிடித்த எரர் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டர்போ பாஸ்கல் என்ற பழைய மொழியில் எழுதிய பல புரோகிராம்கள், திறந்ததும் முதல் வேலையாக இந்த மெஷின் எவ்வளவு வேகம் என்று அளந்து பார்க்கும். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு தடவை துடிக்க ஏறக்குறைய 55 மில்லி செகண்ட் ஆகும், அதற்குள் எத்தனை தடவை சும்மா எண்ண முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, வந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். கிடைக்கிற ஈவை வைக்க 16 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதாவது 65,535 வரைக்கும். அந்தக் கால மெஷினுக்கு அது தாராளம். வேகமான மெஷினில் ஈவு அந்த இடத்துக்குள் அடங்குவதில்லை, பிராசசர் 'வகுத்தல் தப்பு' என்று கத்துகிறது, புரோகிராம் அதைப் பூஜ்ஜியத்தால் வகுத்தது என்று புரிந்துகொண்டு செத்துப்போகிறது. எங்கேயும் பூஜ்ஜியமே இல்லை! ஆழாக்கில் ஒரு மூட்டை அரிசியைக் கொட்டின கதைதான்.

டர்போ பாஸ்கல் புரோகிராமுக்கு, அந்த எக்ஸிஇ ஃபைலையே திருத்துகிற சின்ன பேட்ச் புரோகிராம்கள் உண்டு. காப்பி எடுத்துவிட்டு, காப்பியின் மேல் ஓட்டுங்கள். ஃபாக்ஸ்புரோ 2.6-லும் இதே மாதிரி வேகம் அளக்கிற இடம் இருக்கிறது, அதற்கும் பேட்ச் உண்டு. பேட்ச் கைக்கு அகப்படவில்லை என்றால், பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமில் (17-ல் பாருங்கள்) வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். பழைய மெஷின் எங்கேயாவது தூசி தட்டக் கிடைத்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

8. பில் போடற புரோகிராமைத் திறந்தா ஏதோ ஓசிஎக்ஸ் இல்லங்குது, 'ரன்டைம் எரர் 339'. நெட்ல தேடினா டவுன்லோடு கிடைக்குது, போட்டுக்கலாமா?

விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய புரோகிராம் அது. 7-ல் பார்த்த எரர் 200-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர்தான் ஒன்று. ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்து வேறு மெஷினில் போட்டிருப்பீர்கள், சிஸ்டம்32-ல் இருந்த அதன் துணை ஃபைல்கள் கூட வரவில்லை. டிஎல்எல் (அதுவும் துணை ஃபைல்தான்) டவுன்லோடு என்று விளம்பரம் போடுகிற தளங்களில் இருந்து எதையும் எடுக்காதீர்கள், கணக்கு மெஷினுக்குள் என்ன நுழைகிறது என்று உங்களுக்கே தெரியாது. பழைய மெஷினில் அதே பெயர் ஃபைல் இருக்கும், அல்லது புரோகிராமின் ஒரிஜினல் சிடியில் இருக்கும். சிஸ்டம்32-ல் போட்டு, ஸ்டார்ட் மெனுவின் ரன்னில் ரெக்எஸ்விஆர்32 என்று அடித்து, இடைவெளி விட்டு ஃபைல் பெயர் கொடுத்தால் பதிவாகிவிடும்.

64 பிட் விண்டோஸாக இருந்தால் ஒரு குழப்பம். 32 பிட் ஃபைலை சிஸ்டம்32-ல் போடக் கூடாது, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட வேண்டும். ஆமாம், 32 என்று பெயர் வைத்த இடத்தில் 64, 64 என்று பெயர் வைத்த இடத்தில் 32. பெயர் வைத்தவரை நான் பார்த்ததில்லை.

9. அக்கா பையன் பென்டிரைவ்ல ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தான். எக்ஸ்பியில 'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்'னு வருது. அவன் லேப்டாப்ல ஓடுது.

இது 3-ஆம் கேள்வியின் தலைகீழ். புது வண்டி, பழைய பாதை. ஒன்று, அது 64 பிட் புரோகிராமாக இருக்கும். அல்லது எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா முதலான விண்டோஸுக்கு மட்டும் என்று கட்டியதாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் காப்பி பாதியில் அறுந்திருக்கும், ஃபைல் சைஸை ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்... கெர்னல்32' என்று வந்தால் அதுவும் இதே குடும்பம்தான், புரோகிராம் கூப்பிடுகிற ஆள் எக்ஸ்பியில் பிறக்கவே இல்லை. டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருளைக் கேட்கிற புரோகிராமும் அப்படித்தான், எக்ஸ்பி தாங்குவது டாட்நெட் 4.0 வரைக்கும், 4.5 கேட்டால் விட்டுவிடுங்கள். அந்த சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

10. டாஸ் புரோகிராம்ல பிரிண்ட் கொடுத்தா ஒண்ணுமே நடக்கல. நோட்பேடுல இருந்து அழகா பிரிண்ட் வருது.

டாஸ் புரோகிராமுக்கு விண்டோஸ் பிரிண்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எல்பிடி1 என்ற வாசலில் போய் எழுத்துகளைக் கொட்டும், அவ்வளவுதான். உங்கள் புது டாட் மேட்ரிக்ஸ் யுஎஸ்பியில் இருக்கிறது, கொட்டுவதை வாங்க வாசலில் ஆள் இல்லை. வழி இது: பிரிண்டரை விண்டோஸில் ஷேர் செய்யுங்கள், சின்னப் பெயராக, இடைவெளி இல்லாமல், டிஎம்பி என்று வையுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் எல்பிடி1 \\கம்ப்யூட்டர் பெயர்\டிஎம்பி, கடைசியில் /பெர்சிஸ்டன்ட்:யெஸ். இனி எல்பிடி1-க்குப் போவதெல்லாம் அந்த பிரிண்டருக்குப் போகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1-ல் நெட் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன் இல்லையா? பிடுங்கினால் எக்ஸ்பி நெட்வொர்க்கே இல்லை என்று முடிவு கட்டி, தன்னுடைய பிரிண்டரையே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும். கட்டபெட்டில் ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். ஆட் ஹார்டுவேரில் போய் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் என்பதைச் சேர்த்தால் போதும், கேபிளே இல்லாமல் நெட்வொர்க் இருப்பதாக அது நம்பிக்கொள்ளும்.

லேசர் பிரிண்டரில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். விலை குறைந்த லேசர்களில் நிறைய மாடலுக்கு வெறும் எழுத்து புரியாது, விண்டோஸ் படமாக வரைந்து கொடுத்தால்தான் அச்சடிக்கும். தவிர, வரிக்கு 132 எழுத்து வருகிற சம்பளப் பட்டியலுக்குப் புரோகிராம் முதலில் 15 என்ற குறியை அனுப்பி எழுத்தை நெருக்கச் சொல்லும், அது டாட் மேட்ரிக்ஸின் பாஷை. அந்த பிரிண்டரையே வைத்துக்கொள்ளுங்கள், ரிப்பன் இன்னும் கிடைக்கிறது.

11. எடை மெஷின் கேபிளை யுஎஸ்பியா மாத்திக் கொடுத்தாங்க. டிரைவர் ஏறிருச்சு, ஆனா புரோகிராம்ல எடை வரல.

கன்வெர்ட்டர் தனக்கு காம்7, காம்11 என்று ஏதோ ஒரு போர்ட் நம்பரை எடுத்துக்கொண்டிருக்கும். பழைய புரோகிராமுக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் காம்1 அல்லது காம்2 என்று மாற்றுங்கள், 'யூஸில் இருக்கிறது' என்று மிரட்டினாலும் அந்த இடத்தில் வேறு எதுவும் செருகவில்லை என்றால் சரி என்று கொடுங்கள். கன்வெர்ட்டரை எப்போதும் ஒரே யுஎஸ்பி ஓட்டையில் செருகுங்கள், இடம் மாறினால் நம்பரும் மாறலாம்.

12. திறக்கும்போதெல்லாம் பில்லுல தேதி 2002-ங்குது. மாத்தி வச்சாலும் மறுநாள் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிருது.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். சாயங்காலம் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற ஆபீஸ்களில் சீக்கிரம் தீரும்.

13. அதே தேதி விஷயம்தான் சார். ஒரு தொழிலாளிக்கு ரிடையர்மென்ட் தேதி 31-05-30 போட்டா 'சர்வீஸ் மைனஸ்'ல காட்டுது.

இது பேட்டரி இல்லை. வருஷத்தை ரெண்டு இலக்கத்தில் அடித்தால் எந்த நூற்றாண்டு என்று விண்டோஸ் ஊகிக்க வேண்டும். எக்ஸ்பியில் அந்த ஊகம் 1930-ல் இருந்து 2029 வரைக்கும் என்று வைத்திருக்கிறார்கள். 29 என்று அடித்தால் 2029, 30 என்று அடித்தால் 1930. பாவம், அந்த மனுஷன் பிறப்பதற்கு முன்னாலேயே ரிடையர் ஆகிவிட்டார். விஷுவல் பேசிக் 6 புரோகிராம்களிலும் இதே கோடு 29-க்கும் 30-க்கும் நடுவில்தான்.

புரோகிராம் நாலு இலக்கம் ஏற்றுக்கொண்டால் 2030 என்று முழுசாக அடியுங்கள். இல்லையென்றால் கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் செட்டிங்ஸ், கஸ்டமைஸ், தேதி என்று போனால் அந்த 2029-ஐ 2049 ஆக்க இடம் இருக்கிறது. விண்டோஸிடம் கேட்டு நடக்கிற புரோகிராம் அதற்குக் கட்டுப்படும். டாஸ் புரோகிராம்கள் விண்டோஸைக் கேட்காது, எழுதியவர் 2000-ல் என்ன முடிவு செய்தாரோ அதுதான். ஒரு டம்மி தொழிலாளியைப் போட்டு இன்றைக்கே பரிசோதித்துப் பாருங்கள், 2030-ல் வந்து என்னைத் தேடாதீர்கள்.

14. டிஸ்க்ல 300 ஜிபி காலியா கிடக்கு. இன்ஸ்டால் பண்ணா 'இடம் போதாது'ங்குதே, கண்ணு தெரியலையா அதுக்கு?

இடம் அதிகமானதுதான் பிரச்சினை, 7-ல் சொன்ன ஆழாக்குக் கதையின் தம்பி இது. பழைய இன்ஸ்டாலர் காலி இடத்தை 32 பிட் எண்ணில் வைத்துப் பார்க்கும். 2 ஜிபி தாண்டினால் சில இன்ஸ்டாலருக்கு அது மைனஸாகத் தெரியும், 4 ஜிபி தாண்டினால் முதலில் இருந்து எண்ண ஆரம்பிக்கும். அதனால் மீதி எவ்வளவு என்பதைப் பொறுத்து, ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது.

கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் வேலை செய்கிற வைத்தியம்: ரெண்டு ஜிபி அளவுக்கு ஏதாவது ஒரு சினிமாவை அந்த டிரைவில் காப்பி போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மைனஸ் பிளஸ் ஆகிவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் அழித்துவிடலாம், படம் நன்றாக இருந்தால் அழிக்க வேண்டாம்.

15. விவசாயி பேரெல்லாம் தமிழ்ல இருந்துச்சு. வேற மெஷினுக்கு மாத்தினதும் கட்டம் கட்டமா, கொம்பு சுழி இல்லாம என்னென்னமோ வருது.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் என்பது ஃபான்ட்டின் கண்கட்டு வித்தை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள்தான், அந்தக் குறிக்கு 'அ' படம் வரைந்திருக்கும் ஃபான்ட் இருந்தால் அ தெரியும். பாமினி ஒரு விதம், 1999-ல் வந்த டாம், டாப் ஒரு விதம், திஸ்கி ஒரு விதம், ஒன்றின் குறி இன்னொன்றில் வேறு எழுத்து. பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்துப் புது மெஷினில் போட்டால் பெயர்கள் திரும்பி வரும். டேட்டா எங்கேயும் போகவில்லை. நான்-யூனிகோடு புரோகிராமுக்கான மொழி என்ற செட்டிங்கை ஆங்கிலத்திலேயே விடுங்கள், மாற்றினால் இன்னும் குளறும்.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் உடைந்து தெரிந்தால் அது வேறு விஷயம். ரீஜனல் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற டிக் விடுபட்டிருக்கும், போட்டால் எக்ஸ்பி சிடி கேட்கும். ரூபாய்க் குறி கட்டமாக வருவதற்கு வைத்தியம் தேடாதீர்கள், அந்தக் குறியே 2010-ல்தான் வந்தது. 'ரூ.' போட்டுக்கொள்ளுங்கள்.

16. மழைக்காலம் வந்தா மட்டும் எரர் வருதுன்னா நம்புவீங்களா? 'மெமரி குட் நாட் பி ரெட்'னு. அப்புறம் கரண்ட் போய் வந்தா இண்டெக்ஸ் எரர் வேற.

நம்புகிறேன், இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் மேஜைக்கு வந்துவிடுகிறது. எரரில் பூஜ்ஜியம், எக்ஸ் என்று ஆரம்பிக்கும் நீள எண் ஒன்று இருக்கும். 2-ல் சொன்ன மாதிரி ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே புரோகிராமில், ஒரே இடத்தில், ஒரே எண் வந்தால் பெரும்பாலும் புரோகிராமின் கோளாறு. எண்ணும் புரோகிராமும் மாறிக்கொண்டே இருந்தால் ரேம்மைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரேம்மைக் கழற்றி, அந்தப் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் ரப்பரில் கறுப்பாக ஒட்டும், மூடுபனி வேலைதான் அது. ஊதித் துடைத்துவிட்டு, 'டிக்' என்று ரெண்டு காதும் மூடுகிற வரைக்கும் அழுத்தி மாட்டுங்கள். என் பையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாத நாள் இருக்கும், ரப்பர் இல்லாத நாள் இருக்காது.

இண்டெக்ஸ் எரர் தனி. கரண்ட் போகும்போது டேட்டா ஒரு பக்கமும் அதன் அட்டவணை இன்னொரு பக்கமும் பாதியில் நின்றுவிடும். புரோகிராம் மெனுவில் ரீஇண்டெக்ஸ், சில இடத்தில் ஃபைல் மெயின்டனன்ஸ் என்று இருக்கும், ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு அதை ஓட்டுங்கள். அந்த அட்டவணை இருக்கிற சிடிஎக்ஸ் ஃபைலை நேரடியாக அழித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஃபாக்ஸ்புரோ அதைக் காணோம் என்று டேபிளையே திறக்க மறுக்கும். யுபிஎஸ் பேட்டரியை மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு என்றும் பாருங்கள்.

17. பழைய மெஷின் எத்தனை நாளைக்கு வரும்? புது மெஷினுக்குள்ளயே எக்ஸ்பியை வச்சு ஓட்ட முடியும்ங்கறாங்களே?

முடியும். மெஷினுக்குள் இன்னொரு மெஷினை நடித்துக் காட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு, அதற்குள் 32 பிட் எக்ஸ்பியை ஏற்றினால் 3-ல் சொன்ன பல் கம்பி உள்ளே கிடைத்துவிடும். பழைய டிஸ்க்கையே அப்படியே தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தால் பல சமயம் 7பி என்று முடிகிற நீலத் திரை வரும், டிஸ்க் கன்ட்ரோலர் மாறிவிட்டது என்று அர்த்தம். செட்டிங்கில் சாட்டாவை ஐடிஇ ஆக்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும். நான் அந்த வம்புக்கே போவதில்லை, புதுசாக எக்ஸ்பி ஏற்றிப் புரோகிராம் ஃபோல்டரை மட்டும் உள்ளே வைப்பேன். பெரிய லாபம் என்ன என்றால், அந்த மொத்த மெஷினும் ஒரு ஃபைல். மாசத்துக்கு ஒரு காப்பி எடுத்து வீட்டில் வைக்கலாம்.

டாஸ் புரோகிராம் மட்டும்தான் என்றால் இவ்வளவு கூட வேண்டாம். டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்காகச் செய்தது, ஒருவர் மட்டும் உபயோகிக்கிற கணக்குக்குப் போதும். விடாஸ் என்பது ஆபீஸ் புரோகிராம்களுக்காகவே செய்தது, பிரிண்டர் தொல்லை அதில் குறைவு. நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற டேட்டாவை டாஸ்பாக்ஸில் வைக்காதீர்கள்.

18. எக்ஸ்பியில இருக்கற ஷேர் ஃபோல்டர் விண்டோஸ் 10-ல திறக்கவே மாட்டேங்குது.

எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி1 என்ற பழைய பாஷை. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் அந்த வழியில்தான் உலகம் முழுக்கப் பரவியது, அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-ல் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் ஆன் செய்ய முடியும். நான் செய்து தருவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பென்டிரைவில் எடுத்துப் போங்கள், அல்லது 17-ல் சொன்ன மாதிரி எக்ஸ்பியைப் புது மெஷினுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள்.

19. எல்லாம் செஞ்சாச்சு, உள்ள எக்ஸ்பி ஓடுது, புரோகிராம் 'கீ நாட் ஃபவுண்ட்'னு நிக்குது. பழைய மெஷின் பின்னாடி பிரிண்டர் கேபிள் நடுவுல ஒரு டப்பா இருந்துச்சு, அதுவா?

அதுவேதான். லாக் என்போம், டாங்கிள் என்றும் சொல்வார்கள். புரோகிராமை யாரும் காப்பி அடிக்கக் கூடாது என்று எழுதியவர் வைத்த பூட்டு. அது யுஎஸ்பியில் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி மெனுவில் டிக் போட்டு உள்ளே அனுப்பிவிடலாம். உங்களுடையது பேரலல் போர்ட் லாக். கடையில் விற்கிற யுஎஸ்பி பேரலல் கேபிள் பிரிண்டருக்குத்தான் ஆகும், லாக் அதில் பேசாது. புது மெஷினில் அசல் பேரலல் போர்ட் வேண்டும், டெஸ்க்டாப்பாக இருந்தால் பிசிஐ கார்டு ஒன்று போட்டுப் பார்க்கலாம், அதுவும் போர்ட்டின் முகவரி பழைய 378-ல் இல்லாவிட்டால் சில லாக் கண்டுகொள்ளாது. எழுதியவரைத் தேடிப் பிடித்து லாக் இல்லாத ஒரு காப்பி கேட்பதுதான் முதல் வழி. எனக்குத் தெரிந்து ரெண்டு பேர் கேட்டதும் காசு வாங்காமலே கொடுத்தார்கள், தன் புரோகிராம் இன்னும் ஓடுகிறதா என்று ஒருவர் போனில் ரொம்ப நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பழைய மெஷினையே பேட்டரி மாற்றி, ரப்பர் போட்டு, ஓட்டிக்கொள்ளுங்கள். லாக்கைக் கழற்றுவதாக இருந்தால் மெஷினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். பேரலல் போர்ட் யுஎஸ்பி மாதிரி இல்லை, ஓடும்போது பிடுங்கினால் லாக்கும் போகலாம், போர்ட்டும் போகலாம்.